மேட்டு மண் கண்மாய்க்கு வராமல் தடுக்க: நில உரிமையாளரை விதிக்குக் கட்டுப்பட வைக்கும் முழு வழிகாட்டி

மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு இரண்டு ஓடைகளில் தண்ணீர் வரும். அதில் ஒன்றின் மேட்டில் சுமார் 10 ஏக்கர் செம்மண் புஞ்சையை ஒரு புரட்டாசியில் ஜேசிபி விட்டுச் சமப்படுத்தினார்கள். பிளாட் போடப் போகிறார்கள் என்று தெரியும். ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். ஐப்பசியில் முதல் கனமழைக்கு அந்த ஓடை செங்காவியாக வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் முழங்கால் உயரத்துக்கு மண். அடுத்த மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து நாற்றங்காலில் பாய்ந்தது.

கோபத்தோடு மனு கொடுக்கப் போனோம். அங்கே கேட்டது மூன்று கேள்வி: எந்த சர்வே நம்பர், எவ்வளவு மண், என்ன ஆதாரம்? மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அந்த வருஷம் அப்படியே போனது. அடுத்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கினோம். அப்போதுதான் ஏதோ நடந்தது. மழை தொடங்கிய பிறகு கொடுக்கும் மனுவால் ஒரு சட்டி மண்ணைக்கூடத் தடுக்க முடியாது. கீழே சொல்லும் எல்லாப் படிகளையும் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

மதுரை மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அதற்கு முன்னால் ஆவணி, புரட்டாசி இடிமழை வேறு. அதனால் வரப்பு, குழி, புல் எல்லாம் ஆகஸ்ட் முடிவதற்குள் தரையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஜூலையில் மனு, ஜூனில் ஆவணம், அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே ஆதாரம்.

முதலில் மழையில் நடங்கள்

மண் எங்கிருந்து வருகிறது என்பது வெயிலில் தெரியாது. மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்துக்குள், கண்மாயிலிருந்து ஓடையின் கரையோடு மேல்நோக்கி நடக்க வேண்டும். ஓடைக்குள் இறங்கக் கூடாது. இரண்டு ஓடை சேரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எந்தப் பக்கத் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமே நடங்கள். இப்படிப் போனால் நான்கைந்து இடத்தில் பிரிந்து, கடைசியில் ஒரு குறிப்பிட்ட நிலத்தின் ஓரத்தில் போய் நிற்பீர்கள்.

எங்கள் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிப் பெரியவர் எனக்குச் சொன்னது இது: "தம்பி, தண்ணிய கண்ணால மட்டும் பாக்காத, கையில மொண்டு தேச்சுப் பாரு. நறநறன்னு இருந்தா மேட்டுல எவனோ மண்ண வெட்டியிருக்கான். வழுவழுன்னு இருந்தா உழவு மண்ணு." அறிவியலும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. உழவில் போவது மேல்மண், நுண்ணியது. வெட்டிய நிலத்தில் அடியில் இருக்கும் மணலும் சரளையும் சேர்ந்து வரும்.

பெரும்பாலும் மண் வரும் இடம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: பிளாட்டுக்காகச் சமப்படுத்திய நிலம், கிராவல் அல்லது சவுடு வெட்டிய குழி, சரிவோடு உழுது வரப்பை அழித்த புஞ்சை, ஓடைக்குள்ளேயே கொட்டிய மண். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய அலுவலகம் வேறு, பிடிக்க வேண்டிய சட்டமும் வேறு. தவறான கதவைத் தட்டினால் மூன்று மாதம் வீணாகும். மழை அந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிடும்.

ஆதாரத்தை அளவாக மாற்றுங்கள்

"நிறைய மண் வந்தது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். அளவு வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் நிலத்துக்கு மேலே ஓடையில் ஒன்று, கீழே ஒன்று, பக்கத்து ஓடையில் ஒன்று, கண்மாய் வாயில் ஒன்று பிடியுங்கள். பாட்டிலில் தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, ஆடாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்கிவிடும். வண்டல் படிய மணிக்கணக்காகும். களி நாள்கணக்கில் மிதக்கும். ஒரு நாள் கழித்து அடியில் படிந்த உயரத்தை ஸ்கேலால் அளந்து படம் எடுங்கள். நிலத்துக்கு மேலே பிடித்த பாட்டில் தெளிந்தும் கீழே பிடித்தது இரண்டு விரல் மண்ணோடும் இருந்தால், எந்த அதிகாரிக்கும் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இது ஆய்வக அறிக்கை ஆகாதுதான். ஆனால் நேரில் வந்து பார்க்க வைக்க இது போதும்.

அடுத்தது குச்சி. வரத்துக்காலில் 50 அடிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி அடித்து, தரைமட்டத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு மண் ஏறியது என்று தெரியும். நீளம், அகலம், ஏறிய உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். லாரிக்காரர் முதல் கனிமவளத்துறை வரை எல்லோருக்கும் புரியும் கணக்கு இது.

மேட்டு நிலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1 ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் சுமார் 4 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 1.4 யூனிட். 10 ஏக்கரில் 1 சென்டிமீட்டர் போனால் 140 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 47, 48 நடை! சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் 1 சென்டிமீட்டர். அந்த நிலத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமே போனதாகத் தெரியாது. இந்தக் கணக்கை மனுவில் எழுதியபோதுதான் எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

படங்களைத் தேதியும் இடக்குறிப்பும் பதியும் கேமரா செயலியில் எடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், மழைக்கு முன்னும் பின்னும். ஒரு எச்சரிக்கை: கிராவல் அள்ளும் இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், லாரியை மறிக்காதீர்கள். படத்தைவிட உயிர் பெரிது. அங்கே போலீசையும் வருவாய்த்துறையையும் வரவழைப்பதுதான் நம் வேலை.

நிலத்தின் ஆவணம்

தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" என்ற இணையச் சேவையில் பட்டா, சிட்டா, ஏ-பதிவேடு, புலப்படம் பார்க்கலாம். விஏஓ அலுவலகத்தில் கிராம வரைபடம் இருக்கும். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஓடை எந்தப் புல எண்ணில் எத்தனை அகலத்தில் பதிவாகியிருக்கிறது, அது ஓடைப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, கண்மாய்ப் புறம்போக்கா.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இப்போதைய பதிவில் ஓடை சிறுத்தோ காணாமலோ போயிருக்கலாம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்ட அளவைக்கு முந்தைய பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு, 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஜூனில் போட்டால் ஜூலையில் கையில் இருக்கும். ஜமாபந்தி (வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் மே, ஜூன் மாதங்களில் கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலகத்துக்கே வரும். அந்த நாளில் நேரில் மனுவும் கொடுக்கலாம்.

உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். பக்கத்துப் புஞ்சைக்காரர் சரிவோடு உழுகிறார் என்றால் அவர் நம் மாமனோ சித்தப்பாவோ. அவரைத் தாலுகா அலுவலகத்தில் நிறுத்துவது ஊருக்கு நல்லதல்ல. அவர் மண் போனால் அவருக்கும் நஷ்டம். "சரிவுக்குக் குறுக்க உழுங்க மாமா, வரப்பை நாங்களும் சேர்ந்து போட்டுத் தாரோம்" என்று சொன்னால் வேலை முடிந்தது. வேளாண் பொறியியல் துறையில் சம உயர வரப்பு, பண்ணைக்குட்டை, தடுப்பணை போன்ற மண்வளப் பாதுகாப்புப் பணிகள் இருக்கின்றன. மனு எழுதி அவரையே கூட்டிப் போங்கள்.

பிளாட் போடுபவர், குவாரிக்காரர் விஷயம் வேறு. அவர்களிடம் பேசியதற்கு எழுத்து வேண்டும். ஊர் சார்பில் ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். "மண் வராமல் பார்த்துக்கொள்ளவும்" என்று பொதுவாக எழுதினால் "சரி" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, முழு நிலத்தையும் ஒரே நேரத்தில் மொட்டையாக்கக் கூடாது என்பது. வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து, அதை முடித்து மூடிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டாவது, பள்ளத்து ஓரம் முழுக்க மண் வரப்பு, அதன் வாயில் கற்களால் ஆன வழிந்தோடி, அதற்கு முன் வண்டல் படியும் குழி. மூன்றாவது, ஓடை ஓரத்தில் இருக்கும் புல்லையும் புதரையும் தொடாமல் விட வேண்டும். நான்காவது, குவித்து வைத்த மண்ணை ஓடைக்கு அருகில் வைக்காமல் மேட்டில் தள்ளி வைத்து, மழைக்கு முன் மூடிவிட வேண்டும்.

குழி வெட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாட்டிலில் பார்த்தீர்களே, மணல்தான் சீக்கிரம் படிகிறது. குழி பிடிப்பதும் அதைத்தான். களி குழியைத் தாண்டி ஓடி, கண்மாய் உள்வாயில்தான் தங்கும். களியைத் தடுக்க நல்ல வழி, மழைத்துளி வெறும் மண்ணில் நேராக விழாமல் பார்த்துக்கொள்வது: புல், வைக்கோல், சணல் பாய், தென்னை ஓலை எதுவானாலும் சரி. வெட்டிய சரிவில் வெட்டிவேர் நெருக்கமாக நட்டால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பிடிக்க மாதங்கள் ஆகும், ஆடிக்கு முன் நட வேண்டும்.

"தண்ணி பள்ளத்துக்குத்தான போகும்?"

உரிமையாளர் இதைத்தான் சொல்வார். பாதி உண்மையும் கூட. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயற்கையாகப் பள்ளத்து நிலத்துக்கு வழிவதைக் கீழே இருப்பவர் தடுக்க முடியாது. அதனால் "மழைத் தண்ணீரை நிறுத்து" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், அந்த இடத்திலேயே தோற்றுவிடுவீர்கள். அந்தச் சட்டம் காப்பது இயற்கையான வழிவை மட்டும். செடிகொடியை நீக்கி, மேட்டை வெட்டி, பரவலாக வழிந்த தண்ணீரை ஒரே வாயில் குவித்து, மண்ணோடு சேர்த்துத் தள்ளுவது இயற்கையான வழிவு அல்ல. உங்கள் மனு முழுக்க இந்த வேறுபாட்டின் மேல் நிற்க வேண்டும்.

எந்தக் கதவு

அரிப்பு என்ற ஒரே சொல்லை வைத்து ஆளை நிறுத்திவிட முடியாது. பல சட்டங்களின் துண்டுகளைச் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஓடையிலோ வாய்க்காலிலோ மண் கொட்டியிருந்தால், அது புறம்போக்கு ஆக்கிரமிப்பு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பும், 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவும் கொடுக்கலாம். கண்மாய் எல்லைக்குள் என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். இது நீர்வளத்துறை கண்மாய்களுக்கானது. ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். முதலில் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும்.

பிளாட் நிலம் என்றால் நகர ஊரமைப்பு அலுவலகத்தில் அனுமதி வரைபடத்தையும், நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஓடையை எத்தனை அகலத்தில் விடச் சொன்னார்கள், என்னென்ன நிபந்தனை போட்டார்கள் என்பது அதில் இருக்கும். நிபந்தனையை மீறியிருந்தால் அரிப்பை நிரூபிக்கக்கூடத் தேவையில்லை, மீறலைக் காட்டினால் போதும். அனுமதியே வாங்கவில்லை என்றால் இன்னும் எளிது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

கிராவல், சவுடு என்றால் கனிமவளத்துறை உதவி இயக்குநரும் ஆட்சியரும். பட்டா நிலமாகவே இருந்தாலும் கட்டுமானத்துக்கும் சாலைக்கும் மண் வெட்டி விற்க அனுமதி வேண்டும். எடுத்துப்போக நடைச்சீட்டு வேண்டும். அனுமதியின்றி எடுத்தால் 1957-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. மேலூர் வட்டாரத்துக்குக் குவாரியின் விலை நன்றாகவே தெரியும். கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை நியமித்தபோதுதான், எத்தனை ஓடையும் கண்மாயும் கல் கழிவால் மூடப்பட்டன என்பது வெளியுலகுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதே வட்டாரத்தில் அரிட்டாபட்டி மக்கள் தங்கள் குன்றையும் சுனையையும் காத்து வைத்ததால் 2022-இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது.

ஓடையில் சாக்கடையும் கலந்து, மண்ணால் ஓட்டம் தடைப்பட்டு நாறுகிறது என்றால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஓட்டத்தைத் தடுத்து மாசை மிகுதியாக்கும் பொருளை ஓடையில் விடுவதைத் தடுக்கிறது. ஓடை தற்காலிகமாக வறண்டிருந்தாலும் அந்தச் சட்டத்தில் அது ஓடைதான்.

விவசாய நிலம் என்றால் அதிகம் யாரும் எடுக்காத ஒரு கருவி இருக்கிறது: 1959-ஆம் ஆண்டு நில மேம்பாட்டுத் திட்டங்கள் சட்டம். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் மண்பாதுகாப்புத் திட்டம் வகுத்து, உரிமையாளர் செய்யாவிட்டால் அரசே செய்து செலவை அவரிடம் வசூலிக்க அது இடம் தருகிறது. ஒரே ஒருவரைக் குறிவைக்காமல் ஓடை முழுக்கத் திட்டம் கேட்க வேண்டிய இடங்களில், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். எங்கள் மனுவின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது: "மேற்படி புல எண் நிலத்தில் சுமார் 10 ஏக்கர் செடிகொடி நீக்கிச் சமப்படுத்தப்பட்டுள்ளது. பள்ளத்து ஓரத்தில் வரப்பு இல்லை. ஐப்பசி மழையில் வரத்துக்காலில் 300 அடி நீளத்தில் மண் ஏறியுள்ளது (அளவும் படமும் இணைப்பில்). ஆகஸ்டு 31-க்குள் வரப்பு, வண்டல் குழி, கல் வழிந்தோடி அமைக்கவும், ஓடையில் சேர்ந்த மண்ணை உரிமையாளர் செலவில் அகற்றவும் உத்தரவிட வேண்டுகிறோம். தலத்தணிக்கையின்போது எங்களுக்கும் தகவல் தர வேண்டுகிறோம்." தண்டனை கேட்கவில்லை, திட்டவில்லை. வேலை, இடம், தேதி மட்டும் கேட்டோம்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அதே மனுவைக் கிராம சபைத் தீர்மானத்தோடு கொடுத்தால் எடை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்கு நல்ல சமயம். ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் கடிதத்தாளில் எழுதுங்கள்.

தலத்தணிக்கைக்கு வரும்போது கட்டாயம் கூட இருங்கள். சர்வேயர் கல் ஊன்றும் இடத்தைப் படம் எடுங்கள். "மனுதாரர் வரவில்லை" என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் அதை அழிப்பது பெரும்பாடு. முப்பது நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால், மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை, தணிக்கை அறிக்கையின் நகல் இரண்டையும் தகவல் உரிமையில் கேளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால்

கோட்டாட்சியரிடம் போங்கள். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று கோட்டங்கள் இருக்கின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுத் தொல்லையை நீக்க நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மழை நெருங்கும்போது இதுதான் வேகமான வழி என்பது என் கருத்து. ஒரு வீட்டுக்காரரின் தொல்லை என்று எழுதாமல் ஆயக்கட்டு முழுவதற்கும் பொதுவான தொல்லை என்று காட்டுங்கள்.

அதற்கு மேல், அதிகாரிகளைச் செயல்பட வைக்கக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. சுற்றுச்சூழல் கேடு என்றால் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம். அங்கே பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஊர்ப் பொதுநிலங்களில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் கட்டாயம் காட்டுவார். ஆனால் நீதிமன்றம் பார்ப்பதும் நீங்கள் சேர்த்த அதே பாட்டில், குச்சி, மனு எண், தணிக்கை அறிக்கையைத்தான்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆகஸ்டு கடைசி வாரம் விஏஓவையும் கூட்டிப் போய் வரப்பின் உயரம், வழிந்தோடியின் கல், குழியின் ஆழம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். வழிந்தோடி இல்லாத வரப்பு முதல் மழையிலேயே உடையும். உடைந்தால் வரப்பு இல்லாததைவிட மோசம், மொத்தத் தண்ணீரும் ஒரே வெட்டில் பாயும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் குழியைத் தூர்வார வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்க வேண்டும். பாதி நிரம்பிய குழி சரியாகப் பிடிக்காது.

கண்மாயில் ஏற்கெனவே சேர்ந்த வண்டலை வீணாக்க வேண்டாம். விவசாயத்துக்கு வண்டல் எடுக்கத் தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம், கட்டணம் இல்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கரம்பை மண் அடித்த வயல் எப்படி விளையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரத்துக்காலில் ஏறிய மணலும் சரளையும் வயலுக்கு ஆகாது. அதை அகற்றும் செலவு மேட்டு நிலக்காரருடையது.

எங்கள் ஊரில் இரண்டாவது வருஷ ஐப்பசியில் வரப்பு ஓரிடத்தில் கசிந்தது, குழி நிரம்பி ஒருநாள் செம்மண் தண்ணீர் வந்தது. மறுநாளே நீர்பாய்ச்சிப் பெரியவர் பாட்டிலோடு போனார். பிளாட்டுக்காரரின் ஆள் ஒருவர் மண்வெட்டியோடு குழியில் இறங்கித் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்.